வீட்டு லேத் டேப்பராகக் கடைகிறதா? திருகைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

புது மினி லேத்தை மேசையில் முடுக்கி, முதல் ஷாஃப்டைக் கடைந்து மைக்ரோமீட்டரில் பிடிக்கிறீர்கள். சக் (துண்டைப் பிடித்துச் சுற்றும் பிடிப்பான்) பக்கம் 19.98, நுனியில் 20.05. இடையில் 75 மி.மீ. நீளம்தான், அதற்குள் 0.07 மி.மீ. டேப்பர், அதாவது ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்துவிட்டது. 20 மி.மீ. பேரிங் நுனியிலேயே நின்றுவிடும்.

இப்படி ஒரு லேத்தை வைத்துக்கொண்டு கோவையில் நான் கேட்காத பட்டறை இல்லை. நுனிப் பக்கம் துண்டைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை நகர்த்து என்றார் ஒருவர். சக்கைச் சுற்றும் பகுதியான ஹெட் ஸ்டாக்கைக் கழற்றி உட்கார வை என்றார் இன்னொருவர். சக்கே சரியில்லை, மாற்று என்றார்கள். அவரவர் லேத்தில் அதுதான் காரணமாக இருந்திருக்கும். என் லேத்தில் காரணம் வேறு. டீலர் அனுப்பிய ஆள் நான்கு போல்ட்டையும் மேசையோடு வலுவாக முடுக்கியதில் பெட் (எல்லாம் உட்கார்ந்திருக்கும் வார்ப்பிரும்பு அடித்தளம்) முறுக்கிக்கொண்டிருந்தது.

டேப்பருக்குக் காரணங்கள் பல. வெட்டிய துண்டைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். காரணம் தெரியாமல் ஒரு திருகைத் திருப்பினால் ஒரு பிழை இரண்டாகும், அப்புறம் எது எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நான் எழுதுவது 180 × 350 மி.மீ. அளவு மினி லேத்தை வைத்து. பெரிய லேத்துக்கும் முறை இதுதான்.

1. முதலில் காகிதங்களை எடுத்து வையுங்கள்

மூன்று காகிதம் முக்கியம். லேத்தின் சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில், வாரண்டி அட்டை, டெஸ்ட் சார்ட். பில்லில் சீரியல் நம்பர் இல்லையென்றால் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். லேத்தில் அடித்திருக்கும் நம்பர் தகட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் சார்ட்டைப் பலர் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். கம்பெனியில் அளந்த அளவுகள் அதில் வரிசையாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு வரி. சேடில் (டூலைத் தாங்கிப் பெட்மேல் நகரும் பகுதி) நகரும் திசைக்கு ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) எவ்வளவு இணையாக இருக்கிறது என்பது ஒன்று. டெயில் ஸ்டாக் எவ்வளவு நேராக இருக்கிறது என்பது இன்னொன்று. சார்ட்டில் 0.01, 0.02 என்று இருந்து உங்கள் கையில் 0.07 வந்தால், லேத் கம்பெனியைவிட்டு நன்றாகத்தான் கிளம்பியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, உட்கார வைத்த விதத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹெட் ஸ்டாக் போல்ட்டையோ ஸ்பிண்டில் நட்டையோ கழற்றினால் வாரண்டி போகும் என்று சில அட்டைகளில் போட்டிருக்கும். படிக்காமல் ஆலன் கீயை எடுக்காதீர்கள். மேசையோடு முடுக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துவதில் அந்தப் பயம் இல்லை.

2. எவ்வளவு செலவாகும்

லேத்துக்கு மேல் செலவு செய்ய மனம் வராது, தெரியும். ஆனால் டயல் கேஜ் (நுனி நகரும் சிறு அளவை முள்ளால் காட்டும் கருவி) இல்லாமல் இந்த வேலை நடக்காது.

0.01 மி.மீ. டயல் கேஜ் சாதாரண ரகம் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். மிட்டுடோயோ மாதிரி பெயர் பெற்ற கம்பெனி என்றால் அதைப்போல் சில மடங்கு. இந்த வேலைக்குச் சாதாரண ரகமே போதும், ஏனென்றால் நீங்கள் அளப்பது இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும்தான். காந்த ஸ்டாண்டும் ஆயிரத்தை ஒட்டி வரும். 0–25 மைக்ரோமீட்டர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டால் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) செட் ஒன்று, சில நூறு ரூபாய். விலை கேட்கும்போது 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டயல் கேஜுக்குக் காலிபரேஷன் சர்டிபிகேட் வேண்டுமா என்று கடையில் கேட்பார்கள். அது ஆடிட் நடக்கும் கம்பெனிகளுக்கு வேண்டியது. வீட்டு வேலைக்கு அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் துல்லிய லெவலும் வேண்டாம். லேத் தரைமட்டத்துக்குச் சமமாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. முறுக்காமல் இருந்தால் போதும்.

சோதனைக்கு 25 மி.மீ. பிரைட் பார் (பளபளப்பான இரும்புக் கம்பி) 150 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வாங்குங்கள், எடை போட்டுத் தருவார்கள். ஈ.என்.1ஏ என்ற ரகம் கிடைத்தால் நல்லது, சுத்தமாக வெட்டும். நேரத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். மாலையில் வேலை முடிந்து வந்து அவசரமாகச் செய்கிற காரியம் இல்லை இது.

3. ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்

ஸ்பிண்டிலை 20 நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். ஹெட் ஸ்டாக் சூடானால் அளவு கொஞ்சம் மாறும். குளிர்ந்த லேத்தில் ஒரு ரீடிங், சூடான லேத்தில் ஒரு ரீடிங் எடுத்து ஒப்பிடாதீர்கள்.

அப்புறம் லேத்தை நிறுத்தி, சக்கில் பாரைப் பிடித்து, டயலை அதன்மேல் வைத்து, பாரைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். கையை எடுத்ததும் முள் பழைய இடத்துக்கே திரும்பினால் அது வளைந்து மீள்வது, பரவாயில்லை. திரும்பாமல் எங்கேயாவது நின்றால் ஸ்பிண்டில் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயன் இல்லை. கிராஸ் ஸ்லைடையும் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) சேடிலையும் இதேபோல் ஆட்டிப் பாருங்கள். மினி லேத்களில் கிப் ஸ்ட்ரிப் (ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) தளர்வாக வருவது சகஜம். திருகை மெல்ல முடுக்கி, கைப்பிடி சற்றே கனமாகச் சுற்றும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த இடத்தில் பலர் சக் ரன் அவுட்டை (சுற்றும்போது பார் மையம் விலகி ஆடுவது) அளந்து பயந்துவிடுகிறார்கள். மூன்று ஜா (பிடிக்கும் தாடை) சக்கில் 0.08, 0.1 ஓடுவது சாதாரணம். அதனால் டேப்பர் வராது. பார் எப்படி ஓடினாலும், கழற்றாமல் ஒரே பிடிப்பில் கடைந்தால் கடைந்த பகுதி ஸ்பிண்டில் மையத்தில்தான் வரும். சக்கை மாற்றப் பணம் செலவழிக்காதீர்கள்.

4. இரண்டு வளையச் சோதனை

பாரைச் சக்கில் பிடித்து 100 மி.மீ. வெளியே நீட்டுங்கள். டெயில் ஸ்டாக்கைத் தொடவே வேண்டாம், அது பெட்டின் கோடியில் இருக்கட்டும். பாரின் நடுப்பகுதியை ஒரு மி.மீ. ஆழத்துக்கு இறக்கி, சக் பக்கம் ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரண்டு வளையம் விடுங்கள். ஒவ்வொன்றும் 10 மி.மீ. அகலம், இரண்டுக்கும் இடையில் 75 மி.மீ. தூரம்.

கூராகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலை வைத்து 0.05 மி.மீ. ஆழத்தில் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டுங்கள். நடுவில் கிராஸ் ஸ்லைடைத் தொடக் கூடாது. ஆழத்தை மாற்றாமல் அதே ஓட்டத்தை இன்னொரு முறை விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு லேத் ஓட்டாதீர்கள், தொங்கும் துணி எதுவும் வேண்டாம்.

துண்டு ஆறட்டும். 25 மி.மீ. இரும்பு 30 டிகிரி சூடேறினால் விட்டம் 0.009 மி.மீ. கூடும். அலுமினியம் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. தகரக் கூரைக்குக் கீழ் மதிய வெயிலில் அளந்துவிட்டுக் குழம்பாதீர்கள்.

இரண்டு வளையத்துக்கும் வித்தியாசம் 0.01-க்குள் இருந்தால் உங்கள் லேத்தில் பிரச்சினை இல்லை. கூடுதலாக இருந்தால் அடுத்த படி.

ஏன் 25 மி.மீ. பார், ஏன் 0.05 ஆழம்? மெல்லிய பாரில் கனமாக வெட்டினால் பாரே பின்னால் வளையும். 20 மி.மீ. இரும்பு பார் 100 மி.மீ. நீட்டியிருக்கும்போது நுனியில் 100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 10 கிலோ, அழுத்தம் விழுந்தால் 0.02 மி.மீ. வளையும். விட்டத்தில் அது 0.04. நுனி பெரிதாக வரும், லேத் கோணல் என்று நினைப்பீர்கள். நீட்டும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்கு. நீளமான மெல்லிய துண்டு ஒன்றைக் கடைந்துவிட்டு லேத்தைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

5. வெட்டாமல் அளந்து பாருங்கள்

வளைவா, கோணலா என்று பிரித்துக் காட்டுவது இந்தப் படி. வெட்டு இல்லை, அழுத்தம் இல்லை, அதனால் பார் வளைய வழியில்லை.

வெட்டாத இரண்டாவது பிரைட் பாரைச் சக்கில் பிடியுங்கள். டயல் ஸ்டாண்டைச் சேடில்மேல் வைத்து, டயல் நுனி உங்கள் பக்கத்திலிருந்து, சென்டர் (ஸ்பிண்டில் மையம்) உயரத்தில், பாரைத் தொடும்படி வையுங்கள். சக் அருகே ஸ்பிண்டிலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, அதிக ரீடிங்கையும் குறைந்த ரீடிங்கையும் எழுதி, சராசரி எடுங்கள். சேடிலை 75 மி.மீ. நகர்த்தி நுனியிலும் அதேபோல்.

ஒரு கணக்கு காட்டுகிறேன். சக் அருகே 0.58, 0.52. சராசரி 0.55. நுனியில் 0.61, 0.42. சராசரி 0.515. நுனியில் பார் 0.19 ஓடுகிறது, ஆனால் அதைப் பற்றிக் கவலை இல்லை, சராசரி அதை அடித்துவிடும். உங்களுக்கு வேண்டியது 0.55-க்கும் 0.515-க்கும் உள்ள 0.035. நுனி உங்களைவிட்டு அவ்வளவு விலகியிருக்கிறது. விட்டத்தில் அது இரண்டு மடங்கு, 0.07. தொடக்கத்தில் சொன்ன ஷாஃப்டின் அளவு இதுதான்.

நுனியில் ரீடிங் குறைந்தால் அங்கே விட்டம் பெரிதாக வரும், கூடினால் சிறிதாக வரும். இந்தக் கணக்குக்குப் பாரின் விட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், மைக்ரோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறுபட்டால் அந்த வித்தியாசத்தில் பாதியை டயல் கணக்கில் சரிக்கட்ட வேண்டும்.

டயல் ஒன்றும் காட்டவில்லை, வளையச் சோதனையில் மட்டும் டேப்பர் வருகிறது என்றால் லேத் நேராகத்தான் இருக்கிறது. டூலைத் தீட்டுங்கள், வெட்டைக் குறையுங்கள், நீட்டலைக் குறையுங்கள். வேலை இங்கேயே முடிந்தது.

டயலை மேலிருந்து வைத்தும் பார்க்கத் தோன்றும். மேலும் கீழும் உள்ள பிழை விட்டத்தை அவ்வளவாகப் பாதிக்காது. 20 மி.மீ. துண்டில் உயரம் 0.1 மி.மீ. தவறினால் விட்டத்தில் வருவது 0.001 மட்டுமே. அதைத் துரத்தாதீர்கள்.

6. போல்ட்டைத் தளர்த்தி முள்ளைப் பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

லேத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டயல் நுனிப் பக்கத்திலேயே இருக்கட்டும். இனி ஸ்பிண்டிலையும் சேடிலையும் தொடக் கூடாது. முள்ளை 0-வில் வைத்து, டெயில் ஸ்டாக் பக்கம் உங்களுக்கு முன்னால் இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் மெதுவாகத் தளர்த்துங்கள். கண் முள்ளில் இருக்கட்டும்.

பெட் முறுக்கியிருந்தால் முதல் கால் சுற்றிலேயே முள் நகரத் தொடங்கும். ஒரு கோடு, இரண்டு கோடு (ஒரு கோடு 0.01 மி.மீ.) என்று ஊர்ந்து ஓரிடத்தில் நின்றுவிடும். போல்ட்டை மறுபடி முடுக்கினால் வந்த வழியே திரும்பும். வார்ப்பிரும்பு அசையவே அசையாது என்ற நம்பிக்கை அந்த நிமிடம் போய்விடும். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரிதான் போல்ட்டுகள் பெட்டை முறுக்குகின்றன, அளவு மட்டும் மைக்ரானில்.

மற்ற போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றைத் தளர்த்தி, ரீடிங் எழுதி, மறுபடி முடுக்கி, அடுத்தது. கடைசியில் நான்கையும் தளர்த்திவிட்டு ஐந்தாம் படியின் அளவை மறுபடி எடுங்கள். 0.035 இருந்தது 0.005 ஆகிவிட்டால், குற்றவாளி மேசையும் போல்ட்டும்தான். ஹெட் ஸ்டாக்கைத் தொட வேண்டியதே இல்லை. மாறாமல் அப்படியே இருந்தால் எட்டாம் படிக்குப் போங்கள்.

7. ஷிம் வைத்து உட்கார வையுங்கள்

போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜை ஒவ்வொரு காலுக்கும் அடியில் நுழைத்துப் பாருங்கள். எந்தக் காலுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதோ அந்த அளவுக்குத் தகடு வையுங்கள். பித்தளை ஷிம் நல்லது. இல்லையென்றால் குளிர்பான அலுமினிய டின்னை வெட்டிக்கொள்ளலாம், ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். காகிதம் வேண்டாம், அமுங்கி, எண்ணெய் குடித்து ஒரு மாதத்தில் அளவு மாறிவிடும். தகட்டின் பிசிறை எடுத்துவிட்டு வையுங்கள்.

நான்கு காலும் போல்ட் இல்லாமலேயே உட்கார்ந்தபின் முடுக்குங்கள், அதுவும் டயலைப் பார்த்துக்கொண்டே. லேத் நகராமல் இருக்கும் அளவு இறுக்கம் போதும். முள் ஒரு கோட்டுக்கு மேல் நகர்ந்தால் அந்தக் காலில் இன்னும் இடைவெளி இருக்கிறது.

இதற்குமேல் மிச்சம் இருக்கும் சிறு டேப்பரையும் ஷிம்மால் தீர்க்கலாம். நுனியில் விட்டம் பெரிதாக வந்தால் டெயில் ஸ்டாக் பக்கம் முன்காலை உயர்த்துங்கள். பெட் பின்பக்கம் சாயும், டூல் துண்டுக்குள் போகும். நுனி சிறிதாக வந்தால் அதே பக்கம் பின்காலை உயர்த்துங்கள். 0.05-ல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வளையச் சோதனை செய்து பாருங்கள்.

மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. பிளைவுட் மேசையில் இதெல்லாம் செய்தால் ஐப்பசி மழையில் பலகை ஊறி எல்லாம் மாறிவிடும். ஆங்கிள் ஃப்ரேம்மேல் 10 மி.மீ. பிளேட் நல்லது. சமையல் மேடைக்கு வெட்டியதுபோக மிஞ்சிய கிரானைட் பலகை மலிவாகக் கிடைக்கும், ஊறாது, ஓட்டை போட மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

8. ஹெட் ஸ்டாக்: கடைசி வழி

போல்ட்டைத் தளர்த்தியும் கோணல் போகவில்லை என்றால் மட்டும் இது. முதலில் டீலருக்கு எழுதுங்கள். சீரியல் நம்பர், டெஸ்ட் சார்ட் போட்டோ, ஐந்தாம் படியின் ரீடிங்குகள், போல்ட் தளர்ந்த நிலையில் முள் ஓடும் வீடியோ ஆகியவற்றை அனுப்புங்கள். "டேப்பராக வெட்டுது" என்று போனில் சொன்னால் வெட்டத் தெரியவில்லை என்பார்கள். அளவோடு எழுதினால் பேச்சு மாறும். வாரண்டிக் காலம் முடிவதற்குள் எழுத்தில் போய்ச் சேரட்டும்.

வாரண்டி முடிந்த லேத் என்றால், பெட்டுக்கும் ஹெட் ஸ்டாக்குக்கும் இடையில் சுருளோ பிசிறோ பெயின்டோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துடைத்து உட்கார வைத்தாலே சரியாவது உண்டு. ஷிம் வைப்பது அதற்கும் பிறகு. ஹெட் ஸ்டாக்கை நகர்த்தினால் ஃபேசிங்கும் (துண்டின் முகத்தைத் தட்டையாக வெட்டுவது) மாறும். ஒரு முகத்தை வெட்டி நேர் சட்டம் வைத்துப் பாருங்கள். நடுவில் துளி குழிந்தால் நல்லது, புடைக்கக் கூடாது.

9. டெயில் ஸ்டாக்: எல்லாம் சரியான பிறகு

துண்டின் முனையைச் சென்டர் என்ற கூர்முனையால் தாங்கிக் கடையும்போது வரும் டேப்பருக்கு மட்டும்தான் டெயில் ஸ்டாக் பொறுப்பு. பெட் முறுக்கை டெயில் ஸ்டாக்கை நகர்த்தி மறைத்தால் ஒரு நீளத்துக்குச் சரியாக வரும், துண்டின் நீளம் மாறியதும் மறுபடி டேப்பர்.

இரண்டு சென்டருக்கு இடையில் பாரைப் பிடித்து அதே வளையச் சோதனை செய்யுங்கள். வித்தியாசத்தைப் பாதியாக்கி, சென்டர்களுக்கு இடையிலான நீளத்தால் பெருக்கி, வளையங்களின் இடைவெளியால் வகுத்தால் நகர்த்த வேண்டிய அளவு. 100 மி.மீ. இடைவெளியில் 0.06 வித்தியாசம், சென்டர் நீளம் 200 என்றால் 0.06 நகர்த்த வேண்டும். டெயில் ஸ்டாக் பக்கம் பெரிதாக இருந்தால் உங்கள் பக்கம், சிறிதாக இருந்தால் அந்தப் பக்கம். டயலை டெயில் ஸ்டாக்மேல் வைத்து நகர்த்துங்கள். பல மினி லேத்களில் பிடிக்கும் திருகு அடியில் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு முறையும் பெட்டிலிருந்து எடுத்துத்தான் தளர்த்த வேண்டும். பொறுமை வேண்டும். ரீடிங் எப்போதும் பூட்டிய நிலையில் எடுங்கள், பூட்டும்போதே கொஞ்சம் நகரும்.

10. எழுதி வையுங்கள், மறுநாள் மறுபடி பாருங்கள்

ஷிம் வைத்த அன்று வரும் அளவை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஓர் இரவு விட்டு, மறுநாள் ஐந்தாம் படியை மட்டும் செய்து பாருங்கள். கால்கள் அமர்ந்ததில் ஒன்றிரண்டு கோடு மாறியிருக்கலாம்.

ஒரு நோட்டில் தேதி, எந்தக் காலுக்கு எவ்வளவு தடிமன் ஷிம், வளையங்களின் விட்டம், டயல் சராசரி எல்லாம் எழுதி, டெஸ்ட் சார்ட்டோடு சேர்த்து வையுங்கள். ஷிம்கள்மீது காலின் இடத்தையும் மார்க்கரால் குறித்துவிடுங்கள். லேத்தை வேறு அறைக்கு மாற்றினாலோ, மேசையை ஒரு அடி நகர்த்தினாலோ ஆறாம், ஏழாம் படிகளை மறுபடி செய்ய வேண்டும். மழைக்காலம் தொடங்கியதும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை ஐந்தாம் படியைப் பார்த்துக்கொள்ளுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. சோதனைப் பாரைத் துடைத்து, எண்ணெய் தடவி, வேறு எந்த வேலைக்கும் எடுக்காமல் தனியாக வையுங்கள்.